மலையடிவாரத்துத் திட்டமிட்ட குடியிருப்பு: இங்கினியாகலவில் வளர்ந்த ஒருவனின் பதில்

கேள்வி: மலைகளுக்கு அருகே, எல்லா இடங்களுக்கும் நடந்தே செல்லக்கூடிய, சுற்றுச்சூழலுக்கு இசைவான திட்டமிட்ட குடியிருப்பில் வாழ்வது எப்படி இருக்கும்? வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கு முன் பதில் எழுதிய ஒருவர், இப்படிப்பட்ட குடியிருப்பு நம் நாட்டில் இதுவரை இருந்ததே இல்லை, இப்போதுதான் முதன்முதலாக வரப்போகிறது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. இலங்கையின் கிழக்கே அம்பாறை மாவட்டத்தில், மலையடிவாரத்தில், அப்படியொரு குடியிருப்பிலேதான் நான் வளர்ந்தேன். பின்னர் படவரைஞராகப் பணியாற்றி, இத்தகைய குடியிருப்புகளின் வரைபடங்களை வரைந்தும் இருக்கிறேன். இப்போது ஓய்வுபெற்றுக் கல்முனைப் பக்கத்தில் கடலை அண்டிய ஊர் ஒன்றில் வசிக்கிறேன்.

நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, மலைநாட்டில் காணித்துண்டு விற்கும் விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் நினைத்தது பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். காணி வாங்கும் எண்ணமே இல்லாதவர் இவ்வளவு விவரமாகக் கேட்கமாட்டார் என்பது என் அனுமானம்.

கல்லோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீர்ப்பாசனம் செய்து மக்களைக் குடியேற்றுவதற்காகக் கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 இல் அமைக்கப்பட்டது. மொறிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலவில் மலைகளுக்கிடையே ஒரு கிலோமீற்றருக்கும் அதிக நீளமான அணையைக் கட்டி, இன்று சேனாநாயக்க சமுத்திரம் என்று அழைக்கப்படும் நீர்த்தேக்கத்தை உருவாக்கியது. அணையின் கீழே 11 மெகாவாற்று நீர்மின் நிலையம் ஒன்றும், அங்கே வேலை செய்தவர்களுக்கான குவாட்டர்ஸ்களும் இருந்தன. என் தகப்பனார் அறுபதுகளில் மட்டக்களப்பிலிருந்து அங்கே மாற்றலாகிப் போனார். ஓட்டுக்கூரை வேய்ந்த சிறிய வீடு, வேலியில்லாத வளவு, பின்னால் கருங்கல் மலை. சங்கக்கடை, மருந்தகம், பாடசாலை, தபாற்கந்தோர், அப்பாவின் வேலைத்தலம் ஆகிய யாவும் நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தன. எங்கள் வரிசையில் எவரிடமும் கார் இருக்கவில்லை. அது குறையென்று எவரும் நினைத்ததாகவும் எனக்கு நினைவில்லை.

அதைக் கட்டியவர்கள் சுற்றுச்சூழலை எண்ணி அப்படிக் கட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்நிலையத்தில் இரவு பகலாக முறைவேலை நடந்தது. வேலையாட்களிடம் வாகனம் கிடையாது. ஆகவே நள்ளிரவில் வேலை மாறுபவர் நடந்தே வந்து சேரக்கூடிய தூரத்தில் அவரைக் குடியமர்த்தினார்கள். அவருடைய பிள்ளை படிக்க வேண்டுமே என்று பாடசாலையையும் அங்கேயே வைத்தார்கள். எங்கள் குடியிருப்பு நடக்கத்தக்கதாக இருந்ததற்குக் காரணம் மலையோ மரமோ அல்ல. உழைக்கும் இடம் அதற்குள்ளேயே இருந்ததுதான் காரணம். உங்களுடைய கேள்வியில் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். வேலைக்கு நாளாந்தம் முப்பது கிலோமீற்றர் காரில் போய்விட்டு, மாலையில் குடியிருப்பின் கல்பாவிய பாதையில் உடற்பயிற்சிக்காக நடப்பதை நடைவாழ்க்கை என்று என்னால் ஏற்க இயலாது. வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கும் பல்வைத்தியரும் பிள்ளையின் பாடசாலையும் எங்கே என்ற கேள்வி இருக்கிறது அல்லவா?

தூரத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கிளாரன்ஸ் பெரி என்ற அமெரிக்கர் 1929 இல் அயல்வட்டாரம் பற்றி ஒரு திட்டக்கருத்தை வெளியிட்டார். வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஏறத்தாழ கால் மைல், அதாவது சுமார் 400 மீற்றர், ஐந்து நிமிட நடை என்ற அளவு அதிலிருந்தே உலகெங்கும் பரவியது. இன்றைய விளம்பரங்களில் வரும் ஐந்து நிமிடக் கணக்கும் பெரும்பாலும் அதன் வழிவந்ததுதான். பெரி கச்சான் காற்றை அறியமாட்டார். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட வெங்காற்றில், நண்பகலில், நிழலற்ற தார் வீதியில் 400 மீற்றர் நடப்பது தண்டனை. என் தாயார் சங்கக்கடைக்குப் போகும்போது நேர்வீதியால் ஒருபோதும் போனதில்லை. வாய்க்கால் கட்டோரம் மருத மரங்களின் கீழே ஓர் ஒற்றையடிப் பாதை வளைந்து போகும். அதிலே தூரம் கூடவாக இருந்தாலும் அவர் அதையே தேர்ந்தெடுப்பார். அயல்வீட்டு மாமியும் அப்படியே. ஆட்கள் போகப் போக அந்தப் பாதை அகன்று, கடைசியில் அதுவே ஊரின் முதன்மைப் பாதையாகிவிட்டது. வரைபடத்தில் அந்தப் பாதை என்றுமே இருந்ததில்லை. பிற்காலத்தில் நான் வரைபலகையின் முன் அமர்ந்து இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும்போதெல்லாம், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டு மேலதிகாரிகளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். கோடு போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளமாம்.

மலையைப் பற்றி. படங்களில் மலை நீலமாகவும் குளிராகவும் தெரியும். எங்கள் மாவட்டத்து மலைகள் வெறும் பாறை. பகலெல்லாம் வெயிலைக் குடித்து, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போல இரவு வெகுநேரம்வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மலைநாட்டில் இது வேறாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே உங்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வரிசைகள் மூடுண்டதை நாம் மறந்திருக்க முடியாது. சரிவை வெட்டித் தட்டாக்கி வீடு கட்டும் எந்தத் திட்டமானாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆய்வறிக்கையை உங்கள் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் மண்சரிவுக்குப் பதிலாக யானை. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954 இல் கல்லோயா தேசியப் பூங்காவாயிற்று. அந்த நீரிலுள்ள தீவுகளுக்கு யானைகள் நீந்திப் போவதைப் பார்க்க இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே யானைகள் வரட்சிக் காலத்தில் எங்கள் வளவுக்கும் வந்தன. மாலை ஆறு மணிக்குப் பிறகு குடியிருப்பில் எவரும் நடப்பதில்லை. இரவு முறைக்குப் போகும் ஆண்கள் மட்டும் கூட்டமாக, டோர்ச் விளக்குடன் போவார்கள். சில காலைகளில் காவலாளி வந்து பாதை சரி என்று சொல்லும்வரை பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படமாட்டோம். காட்டருகே நடக்கலாம், ஆனால் காடு விடும் நேரத்தில்தான் நடக்கலாம். இதை எந்த விளம்பரமும் எழுதாது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டால், கல்லோயாவைப் பற்றி மரநிழல் கதை சொல்கிறாயா என்று எம்மவர்களே கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. 1956 யூனில் கல்லோயாவில் தமிழர் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையை நான் அறியாதவன் அல்லன். எங்கள் வீட்டில் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அந்தக் குடியேற்றம் இந்த மாவட்டத்தின் மக்கள் விகிதத்தை எப்படி மாற்றியது என்பதும் எனக்குத் தெரியும். எழுபதுகளின் இறுதியில் எங்கள் குடும்பமும் அங்கிருந்து புறப்பட்டுக் கரையோரத்துக்கு வந்தது. திட்டமிட்ட குடியிருப்பொன்றில் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதையும் எவரோ திட்டமிடுகிறார். நடைபாதையின் அகலத்துக்கு முன்னதாக அதைக் கேட்க வேண்டும். நான் இங்கே பதில் எழுதுவது கட்டட அமைப்பைப் பற்றி மட்டுமே. இதைக் குடியேற்றத்துக்கான பாராட்டுப் பத்திரமாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பராமரிப்பு. அபிவிருத்திச் சபையின் காலத்தில் புல் வெட்டவும், வடிகான் துப்புரவாக்கவும், தெருவிளக்கு மாற்றவும், மரக்கிளை கழிக்கவும் சம்பளம் பெறும் ஆட்கள் இருந்தார்கள். அந்தச் சபை பின்னர் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் அபிவிருத்திச் சபையாக மாறியது, அக்கறை வேறு திட்டங்களுக்குப் போனது, ஆட்கள் குறைந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் அங்கே போனபோது வாய்க்காலோரப் பாதையைக் காட்டுப்பற்றை மூடியிருந்தது, எல்லோரும் மோட்டார் சைக்கிளில் நேர்வீதியால் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே எவரும் சோம்பேறியாகிவிடவில்லை. பாதையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். உங்கள் பசுமைக் குடியிருப்பில் எல்லாத் துண்டுகளும் விற்று முடிந்து, விற்றவர் வேறு மலைக்குப் போன பிறகு, இந்த வேலைகளுக்கு எவர் பணம் கொடுப்பார்? பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அதை உயர்த்தும் அதிகாரம் எவருக்கு, பொதுப் பாதையின் உரித்து எவர் பெயரில் என்பவை காணி உறுதியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

திட்டம் அழகாக இருந்தும் நடை தோற்றுப்போன இடங்களையும் பார்த்திருக்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பின் 2005 இல் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டக்கூடாது என்று விதிக்கப்பட்டபோது, கரையில் வாழ்ந்த மக்களுக்கு உள்ளே காணி தேட வேண்டியதாயிற்று. மட்டக்களப்புக் கரையிலுள்ள நாவலடியில் வாழ்ந்த பல குடும்பங்கள் திராய்மடுவில் குடியமர்ந்தது அப்படித்தான். அக்காலத்தில் இப்படியான பல குடியேற்றங்களின் வரைபடங்கள் என் கையால் போயின. விளையாட்டுத் திடல், பாலர் பாடசாலை, பொதுமண்டபம் என எல்லாம் ஐந்து நிமிட வட்டத்துக்குள் இருக்கும். மீனவனின் கடல் மட்டும் தாளுக்கு வெளியே இருக்கும். விடியப்புறம் தோணி தள்ள வேண்டியவர், வலையையும் எண்ணெய்க் கலனையும் சுமந்து கிலோமீற்றர்க் கணக்கில் எப்படி நடப்பார்? முதலில் துவிச்சக்கர வண்டி, பிறகு முச்சக்கர வண்டிக் கூலி; அதுவும் கட்டாதபோது கரையிலேயே ஒரு கொட்டில் போட்டுப் படுத்துக்கொண்டவர்களும் உண்டு. இன்னுமொன்று, இது என் நெடுநாள் மனக்குறை. ஒரு திட்டத்தில் ஒப்பந்தகாரர் வேலை தொடங்கிய முதற்கிழமையிலேயே அங்கிருந்த பனைகளையும் கசு (முந்திரி) மரங்களையும் இயந்திரம் விட்டுத் தள்ளி நிலத்தை மொட்டையாக்கினார். திறப்பு விழாவன்று அதிதிகள் வந்து முழங்காலளவு மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொண்டார்கள். அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை அடுத்த கச்சானைக் காணவில்லை.

ஆனால் எவருமே திட்டமிடாத எங்கள் பழைய கரையோர ஊர்களைப் பாருங்கள். காரைதீவு, பாண்டிருப்பு, ஆரையம்பதி போன்ற இடங்களில் ஒழுங்கைகள் குறுகலானவை. மதிலுக்கு மேலால் மாமரம் தெருவுக்கு நிழல் தரும். கோயிலும் சந்தையும் பாடசாலையும் கடலும் நடக்கும் தூரத்தில் இருக்கும். இங்கே நெரிசல் உண்டு, மாரியில் வெள்ளம் உண்டு, வடிகான் நாறும். ஆயினும் ஒரு கொத்தமல்லிப் பைக்கெற்றுக்காக எவரும் வாகனம் எடுப்பதில்லை.

சுற்றுச்சூழல் இசைவு என்பதற்கு நான் ஒரேயொரு சோதனை வைத்திருக்கிறேன்: குப்பை எங்கே போகிறது? நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வளவின் மூலையில் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். பிளாஸ்டிக்கும் அவ்வளவாக இருக்கவில்லை. பிற்காலத்தில் இதே அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் சுற்றூர்களின் குப்பை திறந்தவெளியில் கொட்டப்பட்டு, அதைத் தின்ற யானைகளில் ஏறத்தாழ 20 எட்டு ஆண்டுகளில் இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்திகள் வந்தன. குப்பையைக் கொட்டியவர்களின் வீடுகளிலும் அழகான தோட்டங்கள் இருந்திருக்கும். கூரையில் சூரியத் தகடு இருக்கிறதா என்று பார்க்கும் அதே கண்ணால், குப்பை வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

காணியை வாங்குவதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன், பணம் உங்களுடையது. வாங்குமுன் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கடும் மழைக்காலத்தில் ஒரு மாதமும் கடும் வெயிற்காலத்தில் ஒரு மாதமும் இருந்து பாருங்கள். அந்த இரு மாதங்களும் வாகனத்தை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். வாடகைக்கு வீடே இல்லை, விற்பனைக்கு மட்டுமே என்றால், ஏற்கெனவே வாங்கியவர்கள் அங்கே குடியிருக்கிறார்களா, அல்லது படலையைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் இருக்கிறார்களா என்று காவலாளியிடம் விசாரியுங்கள்.