அட்டர்னி ஜெனரல் ஆக என்ன பரீட்சை?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள், 'அட்டர்னி ஜெனரல் ஆகப் போகிறேன்' என்கிறாள். அதற்கு என்ன பரீட்சை எழுத வேண்டும்? வயது வரம்பு உண்டா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அட்டர்னி ஜெனரல் என்பவர் மத்திய அரசின் தலைமை வக்கீல். அதற்குப் பரீட்சையே கிடையாது, அம்மா. விண்ணப்பமும் கிடையாது. அரசியல் சட்டத்தின் 76-வது பிரிவு கேட்பது, உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவதற்கான தகுதி. வக்கீலுக்கு அது ஹைகோர்ட்டில் 10 வருஷப் பிராக்டிஸ். ஆனால் 10 வருஷத்தில் யாரும் கூப்பிட்டுக் கொடுத்துவிட மாட்டார்கள். கே.கே. வேணுகோபால் 2017-ல் பதவிக்கு வந்தபோது அவருக்கு வயது 85! வரம்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வழி என்னவோ எல்லா வக்கீலுக்கும் உள்ளதுதான். சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, அப்புறம் ஒரு சீனியரிடம் ஜூனியர். முதல் சில வருஷம் கேஸ் கட்டைத் தூக்குவதும் வாய்தா வாங்குவதும்தான். கையில் காசு நிற்காது. வீட்டில் தாங்க வேண்டியிருக்கும். ஸ்ரீரங்கத்தில் பிறந்த கே. பராசரன், தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்), பிறகு சொலிசிட்டர் ஜெனரல் (அட்டர்னி ஜெனரலுக்கு அடுத்த இடம்) என்று படிப்படியாக வந்துதான் 1983-ல் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

மகளிடம் முந்த்ரா விவகாரத்தைச் சொல்லுங்கள். எல்.ஐ.சி. பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் வரை தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போனது. 1958-ல் நீதிபதி சாக்ளா பம்பாயில் ஊரறிய விசாரித்தார். அங்கே ஆஜரானவர் முதல் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட். நிதியமைச்சரோ நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சொந்த அரசின் மந்திரியாயிற்றே என்று செதல்வாட் பூசி மெழுகவில்லை. மந்திரிக்குப் பொறுப்பு உண்டு என்றே வாதாடினார். டி.டி.கே. ராஜினாமா செய்தார், செதல்வாட் 1963 வரை பதவியில் இருந்தார்.

எமர்ஜென்சி சமயத்தில் நடந்தது வேறு. விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 'போலீஸ்காரர் அநியாயமாக ஒருவரைக் கொன்றாலும் கோர்ட்டுக்கு வர முடியாதா?' என்கிற மாதிரி நீதிபதி கன்னா கேட்டார். எமர்ஜென்சி இருக்கும்வரை முடியாது என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. 1976-ல் அரசு ஜெயித்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆனது. அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இப்போதே வர வேண்டியதில்லை.

லீவில் ஒரு நாள் ஜில்லா கோர்ட்டில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். வாதாடுகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். அவர் பின்னால் கட்டைப் பிரித்துச் சரியான பக்கத்தை எடுத்து நீட்டுகிற ஜூனியரையும் அவள் பார்க்கிறாளா என்று கவனியுங்கள்.