வேலூரில் சிங்கிள் பெட்ரூம் வீடு தேடுறீங்களா? கேளுங்க

இந்த ஊரில் 14 வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறியிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு நைட் ஷிஃப்ட். பகலில் தூங்கணும். காந்தி நகரா, சத்துவாச்சாரியா?

காந்தி நகர் உள் தெருக்கள் பொதுவாக அமைதி. சத்துவாச்சாரியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி எடுத்தால் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே தள்ளிப் போனால் பரவாயில்லை. ஆனால் ஏரியா பெயரை நம்பாதீங்க, தெருவைப் பாருங்க. நான் ஒரு வீட்டை மார்கழியில் போய்ப் பார்த்தேன், புத்தம்புது ஃபிளாட், லிஃப்ட் உண்டு, சுற்றிலும் அப்படி ஒரு அமைதி. தை முதல் வாரம் அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோனேன். பெட்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு! தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள், எனக்கு விடியற்காலை மூன்று மணிக்கு அண்டா உருட்டுகிற சத்தம்தான் பிறந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாதே என்று நிம்மதியாக இருந்தால், கூழ் ஊற்றுகிறோம் என்று தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். பகல் தூக்கம் வேண்டுமென்றால் பகலில் இரண்டு தடவை போய், எதிர்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்க.

மூணாவது மாடி, அதுதான் கடைசி மாடி. வாடகை 1,500 கம்மி. எடுக்கலாமா?

நம்ம ஊர் வெயில் தெரியுமில்லையா? மதியம் மூன்று மணிக்குப் போய் மேற்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்க. தோசைக்கல் மாதிரி இருந்தால் விட்டுவிடுங்க, ராத்திரி பதினொரு மணிக்கும் அந்தச் சூடு உள்ளேதான் இறங்கும். மிச்சம் பிடிக்கிற 1,500 ஏசி பில்லில் போய்விடும். மொட்டை மாடியில் கூலிங் டைல்ஸ் போட்டிருந்தால் யோசிக்கலாம்.

கரண்டுக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்கிறார் ஓனர்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தனி இபி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் என்றால் ஓனர் தன் இணைப்பிலிருந்தே பிரித்து வைக்கிற மீட்டர், அதில் அந்தச் சலுகை ஓனர் பில்லோடு நின்றுவிடும், உங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை 300 ரூபாய் கூட என்றாலும் எனக்குச் சம்மதம். தனி மீட்டரிலும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள குறைந்த ரேட் யூனிட்டுக்கும் ரேட் ஏறும், மே மாதம் ஏசியோடு கவனம்.

தண்ணீர்?

பாத்ரூம் குழாய் அடியில் நகத்தால் சுரண்டுங்க. வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் போர் தண்ணீர், உப்பு. கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதை வாட்ச்மேனிடம் கேளுங்க, ஓனரிடம் வேண்டாம்.

ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்களாம். நியாயமா சார்?

சார் இல்லை, அக்கா! 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி டெபாசிட் மூன்று மாத வாடகைதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு நீங்களே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும், அதனால் பேரம் முழுக்க அதற்கு முன்னாடி. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் எல்லாம் அதே சட்டத்தில் ஓனர் பொறுப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. சண்டை போடாமல் "ஒப்பந்தத்தில் அந்தப் பெயிண்டிங் ஷரத்தை மட்டும் எடுத்துடுங்க அங்கிள்" என்று சொல்லிப் பாருங்க, எனக்கு இரண்டு தடவை பலித்தது. ஒப்பந்தத்தை அரசின் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யவும் சொல்லுங்க, 11 மாத ஒப்பந்தம் என்றாலும் பதிவு உண்டு.

தனியாக இருக்கிற பெண்ணுக்குத் தருவார்களா?

சிஎம்சி மருத்துவமனை, விஐடி பல்கலைக்கழகம் புண்ணியத்தில் இங்கே அது பெரிய பிரச்சினை இல்லை. ஓனர் கீழ் வீட்டில் இருந்தால் மட்டும், மெயின் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், சாவி உங்களிடமும் ஒன்று இருக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க.