ஒன்றரை வயசு பையனுக்கு கால் வளைஞ்சிருக்கு, பாதம் தட்டையா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டணுமா?

காட்டுங்க சிஸ்டர், ஆனா பயந்துகிட்டு போகாதீங்க. நிக்க வச்சா ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடைவெளி தெரியுது, பாதம் அப்படியே தட்டையா இருக்கு, நடக்கறப்ப விரல் உள்பக்கமா திரும்புது, வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. நாங்க சென்னை தண்டையார்பேட்டை, என் பொண்ணுக்கும் அந்த வயசுல இதே தான், தெருவுல பாக்குறவங்க எல்லாம் "என்னம்மா புள்ள கால் இப்டி இருக்கு"ன்னு கேட்டு கேட்டு எனக்கு தூக்கமே போச்சு.

குழந்தைங்க எலும்பு டாக்டர்கிட்ட போனோம். அவர் முதல்ல ஸ்கேன் எக்ஸ்ரேன்னு எதுவும் எழுதல. செருப்பு, டயப்பர் எல்லாம் கழட்ட சொல்லி வராண்டாவுல நடக்க விட்டு பின்னாடி நின்னு பாத்தாரு. அப்புறம் படுக்க வச்சு ரெண்டு கணுக்காலையும் ஒண்ணா சேத்து முட்டிக்கு நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு டேப்ல அளந்தாரு, தொடைய விரிச்சு மடக்கி இடுப்பு மூட்டு பாத்தாரு, மணிக்கட்டு ரெண்டையும் தடவி பாத்தாரு. கடைசியா என் கையில இருந்த பிஸ்கட் பாக்கெட்ட வாங்கி உயர தூக்கி காட்டினாரு, இவ எட்டி பிடிக்க குதிகால தூக்கினா பாருங்க, தட்டையா இருந்த பாதத்துல அப்போ சின்னதா ஒரு குழி விழுந்துச்சு. "இது இளகின பாதம் தாம்மா, வைத்தியம் வேணாம்"னு சொன்னாரு. இந்த வயசுல உள்ளங்கால்ல கொழுப்பு இருக்கும், மூட்டும் இளக்கமா இருக்கும், அதனால ஈரக்காலோட தரையில நடந்தா கிருஷ்ண ஜெயந்திக்கு வாசல்ல போடுற பாதம் மாதிரி வளைவு வராது, முழு பாதமும் பதியும். குழி மெதுவா தான் வரும், ஆறு வயசு வரைக்கும் கூட ஆகும்.

கால் வளைவும் அப்படி தான். பொறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரை வெளிப்பக்கமா வளைஞ்சு இருக்கறது சாதாரணம். அதுக்கப்புறம் நேராகி, மூணு நாலு வயசுல அப்படியே தலைகீழா மாறி முட்டியோட முட்டி இடிக்கும், அப்பவும் ஒரு ரவுண்டு பயம் வரும், ஏழு எட்டு வயசுல சரியாகிடும். விரல் உள்பக்கமா போறது இந்த வயசுல பெரும்பாலும் முழங்காலுக்கு கீழ இருக்க எலும்பு கொஞ்சம் திரும்பி இருக்கறதால, அதுவும் வளர வளர திரும்பிக்கும். டயப்பர் போட்டதால, இடுப்புல தூக்குனதால கால் வளைஞ்சுதுன்னு சொன்னா காதுலயே வாங்காதீங்க. எங்க ஆயா குளிப்பாட்டும்போது எண்ணெய் தேச்சு நீவி விடுவாங்க, மேலாக்க நீவுறது தப்பில்ல, நேராக்குறேன்னு இழுக்கறதும் துணி வச்சு கட்டுறதும் தான் கூடவே கூடாது.

ஷூ விஷயம் சொல்லியே ஆகணும். கடைக்கு போனா உள்ளங்கால் குழிய தாங்குற மாதிரி செஞ்ச ஸ்பெஷல் ஷூன்னு பெரிய விலை சொல்லுவாங்க. டாக்டர் எழுதி தராம வாங்காதீங்க, சாதாரண தட்டை பாதத்த அது மாத்தாது. வீட்ல வெறுங்கால்ல நடக்கட்டும், வெளிய போக எங்க பக்கம் எம்.சி. ரோட்டு கடைங்கள்ல கிடைக்கிற மெத்துன்னு வளையுற செருப்பே போதும். வாக்கர் இருந்தா எடுத்து பரண்ல போடுங்க, அதுல விட்டா சீக்கிரம் நடப்பாங்கங்கறது பொய், கீழ விழுந்து அடிபடறது தான் மிச்சம். கனடாவுல 2004-லயே தடை பண்ணிட்டாங்க.

இப்ப கவனமா பாக்க வேண்டியது. ஒரு கால் மட்டும் வளைஞ்சிருந்தா, இல்ல ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா தெரிஞ்சா, நொண்டி நடந்தா, வலின்னு அழுதா, பாதம் கையால திருப்பினாலும் வளையாம விறைப்பா இருந்தா, ரெண்டு வயசு தாண்டியும் வளைவு கூடிகிட்டே போனா, தள்ளி போடாதீங்க. ஒன்றரை வயசாகியும் நடக்கவே இல்லன்னாலும் அப்படி தான். எனக்கு தெரிஞ்ச வரை ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்காங்கறது தான் முதல் கேள்வி. மணிக்கட்டு தடிச்சிருக்கு, பல்லு லேட்டா வருது, கூடவே கால் வளைவுன்னா வைட்டமின் டி குறைவால வர்ற ரிக்கெட்ஸா இருக்கலாம். எங்க பக்கம் வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு, வெயிலே உள்ள வராது, அதனால இத லேசா எடுத்துக்காதீங்க. எக்ஸ்ரே எடுப்பாங்க, ரத்தத்துல கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ்ங்கற என்சைம், வைட்டமின் டி எல்லாம் பாப்பாங்க, நேரத்துல கண்டுபிடிச்சா மருந்துலயே பெரும்பாலும் சரியாகும். ஆனா மெடிக்கல்ல நீங்களா டிராப்ஸ் வாங்கி ஊத்தாதீங்க, ஒரு மில்லில 400 யூனிட் இருக்கறதும் உண்டு 800 இருக்கறதும் உண்டு, பெரியவங்களுக்கு தர்ற 60,000 யூனிட் பாக்கெட்ட குழந்தைக்கு கலக்கி குடுத்தா ஆபத்து. கேழ்வரகு கூழ், முட்டை, பால், முள்ளோட சாப்பிடுற நெத்திலி இதெல்லாம் தாராளமா குடுங்க.

எங்க போறதுன்னா, முதல்ல தடுப்பூசி போடுற குழந்தைங்க டாக்டர்கிட்டயே காட்டுங்க. அவர் அனுப்பினா ஸ்டான்லில எலும்பு பிரிவு இருக்கு, இல்ல எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, ரெண்டும் அரசு ஆஸ்பத்திரி தான், காலைலயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிடுங்க. அங்கன்வாடிக்கு ஆர்.பி.எஸ்.கே. டீம் வருவாங்க, குழந்தைங்க உடம்ப பரிசோதிக்க அரசு 2013-ல ஆரம்பிச்ச திட்டம், அவங்களும் காலையெல்லாம் பாத்து தேவைன்னா மேல அனுப்புவாங்க.

டாக்டர் ரூமுக்குள்ள போனதும் புள்ள அழுது நடக்க மாட்டான், அதனால வீட்லயே வெறுங்கால்ல நடக்கறத முன்னாடி இருந்தும் பின்னாடி இருந்தும் வீடியோ எடுத்து வச்சுக்குங்க. மாசத்துக்கு ஒருவாட்டி நேரா நிக்க வச்சு ஒரு போட்டோ எடுங்க, வளைவு கூடுதா குறையுதான்னு அதுல தெரிஞ்சிடும். நல்லா நடந்துகிட்டு இருந்தவன் திடீர்னு காய்ச்சலோட காலே ஊனமாட்டேன்னு சொன்னா மட்டும் ஓ.பி. டைமுக்கு காத்திருக்காதீங்க, ராத்திரி ஆனாலும் எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடுங்க.