பெயரில் குவாண்டம் இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. இயற்பியல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், நீங்களோ ‘குவாண்டம்’ என்று பெயர் வைத்த பொறியியல் பிரிவில் நன்கொடை கொடுத்தாவது சேர்த்துவிடப் பார்க்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். என் ஓட்டு மகளுக்குத்தான்.

அணு, ஒளித்துகள் அளவில் செயல்படும் விதிகளைப் பயன்படுத்தும் இந்தக் குவாண்டம் துறை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள்: இயற்பியலில்தான். குவாண்டம் தகவல்தொடர்பில் செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவி, ஃபோட்டான் எனும் ஒளித்துகள்களில் ஒவ்வொன்றாக ஏறிப் போகிறது. கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டர் கடப்பதற்குள் நூற்றுக்கு ஒன்றுதான் மிஞ்சும். வழக்கமான கேபிளில் நடுவழியில் ஒளியைப் பெருக்கிக்கொள்ளலாம். இங்கே அதற்கு வழியில்லை, குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கை விடுவதில்லை. விண்வெளியில் ஒளி அவ்வளவு வீணாவதில்லை; அதனால்தான் சீனா 2016இல் மிசியஸ் செயற்கைக்கோளை ஏவியது. மறு ஆண்டே 1,200 கி.மீ. இடைவெளியில் பின்னல் ஃபோட்டான்களை, அதாவது பிரிந்திருந்தாலும் ஒரே குவாண்டம் நிலையைப் பகிரும் ஒளித்துகள் ஜோடிகளை, கொண்டு சேர்த்துக் காட்டியது. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் ஐ.ஐ.டி. டெல்லியும் 2022இல் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே, ஏற்கெனவே பதித்திருந்த கேபிளிலேயே, 100 கி.மீ.க்கு மேல் சாவியை அனுப்பின.

குவாண்டம் சிமுலேஷன் கதையும் இதுதான். கணினிக்கு எட்டாத கணக்கை அணுக்களை வரிசையாக நிறுத்தி நடித்துக்காட்டச் சொல்வது. ஹார்வர்டில் 2017இல் 51 ருபீடியம் அணுக்களை நிறுத்தினார்கள், 2021இல் 256.

அப்படி ஓர் ஆய்வகத்துக்கு ஒரு முறை போயிருக்கிறேன். இருட்டறை, மேசை முழுக்கக் குட்டிக் கண்ணாடிகள். ஓர் ஆராய்ச்சி மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணாடியின் திருகை மயிரிழை அளவு திருப்பினார். கருப்பு வெள்ளைத் திரையில் இருந்த வெண்புள்ளி, அதாவது குளிர்ந்த அணுக்கூட்டம், சட்டென்று மறைந்தது. அதை மீட்க முக்கால் மணி நேரம். வெற்றிடப் பம்பு, லேசர், மின்சுற்று, கொஞ்சம் பைத்தான்: அவருடைய அன்றாடம் அவ்வளவுதான். பெயரில் மட்டும் குவாண்டம் இருக்கும் வகுப்பில் இந்தக் கைப்பழக்கம் வராது.

வழி இது: இளநிலையில் இயற்பியல் அல்லது இ.சி.இ.; பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அல்லது பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. 2023இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய். அதன் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இருக்கிறது. ஒன்றை மறைக்க மாட்டேன்: முனைவர் பட்டம்வரை போனால் மகளுக்கு 27, 28 வயதாகிவிடும். ஆனால் ஜே.ஆர்.எஃப். எனும் தேசிய அளவிலான இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். உங்கள் கையைக் கடிக்காது. இடையில் மனம் மாறினாலும் லேசரும் மின்னணுவியலும் பழகிய கைக்கு விண்வெளி, செமிகண்டக்டர், மருத்துவக் கருவி என்று வேறு கதவுகள் உண்டு.

நன்கொடைப் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். விண்ணப்பிக்கும் முன், மகள் பி.எஸ்சி. சேர நினைக்கும் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். கருவிகள் மேசைமேல் இருக்கின்றனவா, அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று கவனியுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். எதைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அவளே கேட்கட்டும்.