169.254 என்று முகவரி காட்டினால்: கணினி வலை, கேள்வி பதில்

எங்கள் ஜெராக்ஸ் கடை வைஃபையில் லேப்டாப் ‘இணைந்தது’ என்றுதான் காட்டுகிறது. ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதே வைஃபையில் என் போன் நன்றாக ஓடுகிறது. ரவுட்டர் பழுதா?
– வாசகி, ஈரோடு

பழுதாக இருக்காது. ரவுட்டரிடம் கொடுப்பதற்கு முகவரி தீர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் கவனித்து எழுதிய அந்த எண்ணே பாதி விடை.

வைஃபை இணைந்தது என்றால் ரேடியோ தொடர்பு கிடைத்தது என்று மட்டுமே பொருள். அதன்பிறகு லேப்டாப் தனக்கென ஓர் ஐபி முகவரி வாங்க வேண்டும். அந்த நெறிமுறைக்கு டிஎச்சிபி என்று பெயர். இன்னும் முகவரி இல்லாத லேப்டாப், அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்று போட்டு, 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, ‘முகவரி தருபவர் யாராவது உண்டா?’ என்று கேட்கும். ரவுட்டர், ‘192.168.1.120 காலியாக இருக்கிறது’ என்னும். ‘அதையே கொடுங்கள்’ என்று லேப்டாப் கேட்க, ‘24 மணி நேரத்துக்கு உனக்கு’ என்று ரவுட்டர் உறுதி செய்யும். இந்த நான்கு செய்திகளும் முடிந்தால்தான் முகவரியும் கூடவே இணையத்தை எட்டத் தேவையான சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் விவரங்களும் வந்துசேரும். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், விண்டோஸ் 169.254 வரிசையில் தானாகவே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அதை வைத்து ரவுட்டரைத் தாண்டிப் போக முடியாது.

உங்கள் போன் ஏற்கெனவே முகவரி வாங்கிவிட்டது. அந்த 24 மணி நேரக் கெடுவில் பாதி கழிந்ததும் அதே எண்ணைப் புதுப்பித்துக்கொள்வதால் அதற்குச் சிக்கல் தெரியாது. காலையிலிருந்து வந்துபோன வாடிக்கையாளர்களின் போன்களோ, கடையை விட்டுப் போன பிறகும் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துவைத்திருக்கும். மேக் முகவரியை (வலையில் கருவியின் அடையாள எண்) மாற்றிக்கொள்ளும் போன் என்றால், ஒன்றே இரண்டு எண்களைப் பிடிக்கும்.

ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தைத் திறந்து பாருங்கள். முகவரியின் கடைசி எண்ணுக்கான வரம்பு 100 முதல் 149 வரை என்றிருந்தால் மொத்தமே 50 முகவரிதான். அதை 50 முதல் 249 வரை என்று மாற்றினால் 200 கிடைக்கும். கெடு நேரத்தை 2 மணியாகக் குறையுங்கள். இங்கே ஒரு கவனம் தேவை: சில ரவுட்டர்கள் நிமிடத்தில் கேட்கும் (120), சில விநாடியில் கேட்கும் (7200). விநாடிக் கட்டத்தில் 120 என்று போட்டுவிட்டால் எல்லாக் கருவிகளும் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். மாற்றிய பின் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, லேப்டாப்பில் வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். அப்போதும் 169.254 தான் என்றால் கேபிளில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் முகவரி வந்தால் கோளாறு வைஃபை பக்கம். அதிலும் வராவிட்டால், டிஎச்சிபி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று ரவுட்டரில் பாருங்கள்.

அலுவலக பிரிண்டருக்கு 192.168.1.120 என்று நாங்களே முகவரி போட்டோம். சில நாள் அச்சாகிறது, சில நாள் ‘ஆஃப்லைன்’ என்கிறது. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

அந்த எண் ரவுட்டர் பங்கிடும் வரம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதே எண்ணை ரவுட்டர் ஒரு போனுக்கும் கொடுத்திருக்கும். ஒரே வலைக்குள் கருவிகள் உண்மையில் பேசிக்கொள்வது மேக் முகவரியை வைத்துத்தான். ‘192.168.1.120 யார்?’ என்று கணினி எல்லோரிடமும் கேட்டு, பதில் சொன்னவரின் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளும். 1982 முதல் இருக்கும் ஏஆர்பி நெறிமுறையின் வேலை இது. பதில் சொன்னது உண்மையான உரிமையாளரா என்று அது சரிபார்ப்பதில்லை. போனின் பதில் பதிவான நாளில் உங்கள் அச்சு வேலை போனுக்குப் போய் வீணாகும்.

பிரிண்டரில் கையால் போட்ட எண்ணை எடுத்துவிட்டு, ‘தானியங்கி’ என்று மாற்றுங்கள். அதன் நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டால் மேக் முகவரி இருக்கும், இரண்டிரண்டாக ஆறு ஜோடி. அதை ரவுட்டரின் முகவரி ஒதுக்கீட்டுப் பக்கத்தில் கொடுத்து, யாரிடமும் இல்லாத ஓர் எண்ணை ஒதுக்குங்கள். கடைசியாக, ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டர் போர்ட்டில் புது எண்ணை மாற்ற வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

பெரிய ஃபைல் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இறங்குகிறது. வீடியோ காலில் மட்டும் குரல் அறுபடுவது ஏன்?
– வாசகர், மதுரை

ஃபைல் பெரும்பாலும் டிசிபி என்ற நெறிமுறையில் வருகிறது. தொலைந்த பாக்கெட்டை (தரவின் சிறு துண்டு) மறுபடி கேட்டு வாங்கி, வரிசைப்படி அடுக்கித் தருவது அதன் வேலை. பேச்சு பொதுவாக யூடிபி என்ற இன்னொரு நெறிமுறையில் போகிறது. அரை விநாடி பிந்தி வரும் ஒரு சொல்லால் பயனில்லை என்பதால் தொலைந்ததை விட்டுவிட்டு மேலே போகிறார்கள். கால் நடக்கும்போது போட்டோ பேக்கப் ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான்.

ஃபைபர் இணைப்பில் சொந்த ரவுட்டர் மாட்டினேன். பிங் (பதில் வருகிறதா என்ற சோதனை) போகிறது, யூடியூப் ஓடுகிறது. வங்கித் தளமும் இன்னும் சிலவும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன.
– வாசகர், சென்னை

ரவுட்டரில் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைகிறீர்கள் என்றால் அது பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். அதில் பிபிபிஓஇ 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு மிச்சம் 1492. ரவுட்டரில் 1500 என்றே இருந்தால் சின்ன பாக்கெட்டுகள் போய்விடும். பிங்கும் இணைப்பின் முதல் கைகுலுக்கலும் அதனால்தான் நடக்கின்றன. அடுத்துத் தளம் தன் சான்றிதழை முழு அளவு பாக்கெட்டுகளில் அனுப்பும். அவை வழியில் விழுந்துவிடும். ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்று திரும்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை இடையில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்பியவருக்கு விஷயமே தெரியாது. யூடியூப் பெரும்பாலும் க்விக் என்ற நெறிமுறையில், இதைவிடச் சிறிய பாக்கெட்டுகளில் வருவதால் தப்பித்துக்கொள்கிறது.

சோதிக்க, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: பிங் -எஃப் -எல் 1464 1.1.1.1. இந்த 1464 உடன் தலைப்புப் பகுதியின் 28 பைட்டைக் கூட்டினால் 1492. இதற்குப் பதில் வந்து, 1472 போட்டால் வராவிட்டால் சந்தேகம் உறுதி. ரவுட்டரின் வான் (வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 1492 ஆக்குங்கள். எம்எஸ்எஸ் (தலைப்பு நீங்கலாக ஒரு பாக்கெட்டில் செல்லும் தரவின் உச்ச அளவு) கட்டுப்பாடு இருந்தால் 1452 போடுங்கள். 1464க்கும் பதில் வரவில்லையா? பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போய், பதில் வரும் எண்ணோடு 28 கூட்டி அதை எம்டியுவாக வையுங்கள்.