பனியாறு விட்டுப்போன கற்குவியலின் வயதைக் கார்பன் டேட்டிங்கில் கண்டுபிடிக்க முடியாதா?

பல இடங்களில் முடியாது. கார்பன்-14 முறைக்கு மரத்துண்டு, கரி, பாசி என்று ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஏதாவது வேண்டும். பனியாறு கொட்டிய மொரைனில் (அந்தக் கற்குவியலின் பெயர்) பெரும்பாலும் கல்லும் மண்ணும்தான். அதற்குப் பின்னால் உருவான சதுப்பின் அடிமட்டத்தில் பழைய தாவர எச்சம் கிடைத்தாலும், 'மொரைன் இதைவிடப் பழையது' என்பது மட்டுமே தெரியவரும். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் போனால் கார்பன் முறையே உதவாது.

ஆகவே கல்லையே அளக்கிறார்கள். பாறை வெளியே தெரிய ஆரம்பித்ததிலிருந்து விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தாக்குதலால் அதன் குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்குள் பெரிலியம்-10 என்ற அரிய கதிரியக்க அணு சேர்கிறது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், கல் எத்தனை காலமாக வெளியே இருக்கிறது என்று தெரியும். துருவத்தை ஒட்டிய பகுதிகளில், கடல் மட்டத்தில், ஒரு கிராமுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 அணுக்கள். உயரமான மலைகளில் இது பல மடங்கு.

வேலையின் உயிர்நாடி கல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மொரைனின் முகட்டில், ஆட்டம் காணாமல் பதிந்த, ஒரு மீட்டருக்கு மேல் உயரமான பாறையாகப் பாருங்கள். சரிவில் கிடப்பது பின்னால் உருண்டு வந்ததாக இருக்கலாம். பனியாறு தேய்த்த பளபளப்பு இன்னும் இருந்தால் மேற்பரப்பு அதிகம் அரிக்கப்படவில்லை என்று அர்த்தம். குவார்ட்ஸ் நரம்பு இரண்டு சென்டிமீட்டர் துருத்தி நின்றால் சுற்றியுள்ள பாறை குறைந்தது அவ்வளவு கரைந்துபோயிருக்கிறது. ஓரங்களை விட்டு, தட்டையான உச்சியின் நடுவில் உளியால் 2–3 செ.மீ. தடிமனில் ஒரு கிலோ அளவுக்குப் பெயர்த்தெடுங்கள். தடிமனைக் குறித்தே ஆகவேண்டும்: ஏறத்தாழ 40 செ.மீ. ஆழத்தில் உற்பத்தி பாதியாகிவிடும். சுற்றிலும் அடிவானத்தையும், அங்கிருந்து வரும் கதிர்களையும் மறைக்கும் சிகரங்களின் கோணத்தையும் திசைவாரியாக அளந்துகொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் கல்லை நொறுக்கி, 250–500 மைக்ரான் மணிகளைச் சலித்து, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் பலமுறை அரிக்கிறார்கள். மழையோடு வந்து ஒட்டிய பெரிலியம்-10 போகாவிட்டால் வயது ஏறிவிடும். பிறகு அளவு தெரிந்த பெரிலியம்-9 (சாதாரண பெரிலியம்) சேர்த்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டின் விகிதத்தை அளக்கிறார்கள்.

ஒரே கல்லை நம்பி வயது சொல்வது தவறு. ஒரு முகட்டுக்கு ஐந்தாறு கற்களாவது வேண்டும். பழைய மொரைன்களில் மண் அரிக்க அரிக்கப் புதைந்திருந்த கற்கள் தாமதமாக வெளிவரும். அவை இளமையான வயதைக் காட்டும். அங்கே மூத்த வயதுகளுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இளம் மொரைன்களில் இது தலைகீழ்: மலைமுகட்டில் முன்பே வெயில் கண்ட பாறை பனியாற்றில் விழுந்து வந்திருந்தால் பழைய அணுக்களையும் சுமந்து வரும், கூட்டத்திலிருந்து அது ஒன்று மட்டும் விலகி நிற்கும். பனிப்பொழிவையும் கணக்கில் எடுங்கள்: தண்ணீரின் அடர்த்தியில் 0.3 பங்கு உள்ள ஒரு மீட்டர் பனி ஆண்டுக்கு நான்கு மாதம் மூடினால் உற்பத்தி சுமார் 6% குறையும்.

குவார்ட்ஸ் இல்லாத பசால்ட் (எரிமலைப் பாறை), சுண்ணாம்புப் பாறை என்றால், பெரிலியம்-10க்குப் பதிலாக அதேபோல் சேரும் குளோரின்-36ஐ அளக்கிறார்கள்.