ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார்? ஏன்?

டிடியர் ட்ரோக்பா. இங்கிலாந்தின் செல்சி அணிக்காக 164 கோல் அடித்தவர். ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் என் நினைவுக்கு வருவது ஒரு டிரஸ்ஸிங் ரூம்தான்.

2002-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அவருடைய நாடான, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் வடக்கு, தெற்கு என்று பிளந்து கிடந்தது. 2005 அக்டோபரில் சூடானை அதன் மண்ணிலேயே வென்று, அந்த நாடு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. டிரஸ்ஸிங் ரூமுக்குள் தொலைக்காட்சிக் கேமரா வந்ததும் ட்ரோக்பா மைக்கை வாங்கினார். சக வீரர்களோடு மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே போடுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று மன்றாடினார். வடக்கில் பிறந்தவர்களும் தெற்கில் பிறந்தவர்களும் அந்த ஒரே அணியில் இருந்தார்கள்.

2007-ல், ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதை எடுத்துக்கொண்டு கிளர்ச்சியாளர்களின் கோட்டையான புவாக்கே நகருக்கே போனார். மடகாஸ்கருடனான ஆட்டம் இங்கேதான் நடக்கும் என்று அறிவித்தார். ஜூன் 3 அன்று நடந்தது, 5-0 வெற்றி. ஐந்தாவது கோல் அவருடையது.

'போரையே நிறுத்தியவர்' என்று பலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அமைதி ஒப்பந்தம் அந்த 2007 மார்ச்சிலேயே கையெழுத்தாகிவிட்டது. 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் ரத்தம் சிந்தியது. ஆனால் தாளில் இருந்த சமாதானத்தை மக்கள் கண்ணால் பார்த்தது அந்த மைதானத்தில்தான். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டபோதே அவருக்கு வயது 21, கால்பந்தில் அது தாமதம்தான். ஐரோப்பிய கிளப்களுக்கான 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில், எதிரணியான ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கின் சொந்த மைதானத்தில், 83-வது நிமிடம் செல்சி கோல் வாங்கியது. 88-வது நிமிடம் சக வீரர் மாட்டா அடித்த கார்னருக்கு முன்கம்பம் நோக்கிப் பாய்ந்து ட்ரோக்பா தலையால் முட்டினார். பேயர்ன் கோல்கீப்பர் நோயரின் கையையும் மீறிப் பந்து வலைக்குள் போனது. கூடுதல் நேரத்தில் பேயர்ன் வீரர் ரிபெரியைத் தடுக்கிவிட்டு பெனால்டி கொடுத்தவரும் அவரேதான், நல்லவேளையாக செல்சி கோல்கீப்பர் செக் அதைப் பிடித்துவிட்டார். ஆட்டம் சமனாகி பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது; கோப்பையை வென்றுதந்த கடைசி பெனால்டி அவர் அடித்தது.

2009-ல் பெப்சி விளம்பரத்தில் கிடைத்த 30 லட்சம் பவுண்டை, ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் மருத்துவமனை கட்டுவதற்காகத் தன் அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். கட்டி முடிக்கப் பல வருடம் ஆனது, விமர்சனங்களும் வந்தன. 2020-ல் கொரோனா பரவியபோது, அந்தக் கட்டடத்தைச் சிகிச்சை மையமாக்கிக்கொள்ளுங்கள் என்று முன்வந்து கொடுத்தார்.